கோப்பி எலியின் உணவும் படுக்கையும்

எலியைப் பற்றிப் பேசுவதற்கு என்ன இருக்கிறது என்று நீங்கள் எண்ணக்கூடும். வீட்டிலே அரிசி மூட்டையைக் கடித்தால் பொறி வைக்கிறோம்; அத்துடன் அதன் கதை முடிந்துவிடுகிறது. ஆயினும், நமது மலைநாட்டின் வரலாற்றிலே ஓர் எலிக்குத் தனி இடமுண்டு. அதற்குக் கோப்பி எலி என்று பெயர். அந்த எலி எதைத் தின்றது, எதன்மேல் படுத்தது என்று கேட்டுக்கொண்டே போனால், இம்மலைகளை வளமாக்கிய மக்கள் எதை உண்டனர், எங்கே படுத்தனர் என்னும் கேள்வியிலே போய் நிற்போம்.

இன்று நுவரெலியாவிலும் ஹற்றனிலும் மலைச்சரிவெங்கும் தேயிலையையே காண்கிறோம். தேயிலைக்கு முன்னர் மலைநாட்டை ஆண்ட பயிர் கோப்பி. 1824 இல் ஜோர்ஜ் பேர்ட் என்பவர் கம்பளைக்கு அருகே சின்னப்பிட்டியில் கோப்பித் தோட்டம் ஒன்றைத் தொடங்கினார். 1840 களில் அப்பயிர் வேகமாகப் பரவிற்று. பின்னர் டிம்புள்ள, டிக்கோயாப் பகுதிகளின் காடுகளும் வெட்டி எரிக்கப்பட்டன. 1870 களின் இறுதியில் இலங்கையில் ஏறக்குறைய 2,75,000 ஏக்கரில் கோப்பி நின்றது. அவ்வளவும் முன்பு வெறும் நிலமாகக் கிடந்ததன்று. எண்ணற்ற உயிர்களுக்கு வீடாக இருந்த நிலம்.

அவ்வுயிர்களுள் ஒன்றே நாம் பேசும் எலி. ஒரு சாண் நீளமும் இல்லாத உடல், முரட்டு மயிர், கபில நிறம். தென்னிந்தியாவில் அதிகாரியாக இருந்த வால்டர் எலியட் 1839 இல் இதனைப் பற்றி எழுதினார். கன்னடர் இதனைக் குலண்டி என்பர். அப்பெயரும் எலியட்டின் பெயரும் சேர்ந்தே கொலுண்டா எலியோட்டி என்னும் விஞ்ஞானப் பெயராயின. இலங்கையிலே பிறந்த இராணுவ வைத்தியர் எட்வர்ட் கெலார்ட் மலைநாட்டில் இவ்வெலியைக் கண்டு, நுவரெலியாவின் பெயரையே அதற்குச் சூட்டினார்.

எலியட் இதன் வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்தவர். முட்புதரின் கிளைகளுக்கிடையே, அல்லது தரையிலே, உலர்ந்த புல்லின் தண்டையும் நாரையும் பின்னி, ஆறு முதல் ஒன்பது அங்குலம் அகலமான உருண்டைக் கூட்டை இது அமைக்கிறது. உள்ளே மூன்று நான்கு அங்குல அறை. அதிலே உடலைச் சுருட்டிக்கொண்டு உறங்குகிறது. புதரைச் சுற்றித் தன் காலாலேயே தேய்த்த சிறு தடங்களை வைத்துக்கொண்டு, காலையும் மாலையும் அவ்வழியே இரைக்குச் செல்கிறது.

இவ்விடத்தில் இக்காலத்து ஆய்வுகூடங்களை நினைத்துப் பார்க்கலாம். அங்கே வளர்க்கப்படும் எலிக்குத் தீனியும் நீரும் மட்டும் போதா என்பதை அறிஞர் உணர்ந்திருக்கின்றனர். கூடு கட்டத் தாளோ வைக்கோலோ வேண்டும். ஒளிந்துகொள்ள ஒரு மறைவு வேண்டும். கடிக்க மரத்துண்டு வேண்டும். எலியின் முன்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்வன. கடித்துத் தேய்க்காவிட்டால் அவையே அதற்கு வினையாகும். தீனி, படுக்கை, வேலை ஆகிய மூன்றும் இருந்தால்தான் எலி எலியாக வாழும். கூண்டிலே மனிதன் தேடிக் கொடுக்கும் இம்மூன்றையும் காடு கேளாமலே கொடுத்து வந்தது.

காட்டின் கொடையிலே சிறந்தது நெலு விதை. நெலு என்பது நம் குறிஞ்சியின் உறவுச்செடி. பல ஆண்டுகளுக்கு ஒருமுறை மலை முழுவதும் ஒருசேரப் பூத்து, விதையைச் சொரிந்துவிட்டு மடியும். அவ்விதை விழும் காலம் எலிகளுக்குத் திருவிழா. விதை தீர்ந்ததும் பஞ்சம். அப்பொழுது அவை கூட்டங்கூட்டமாக இடம்பெயரும் என்று, இலங்கையின் குடியேற்றச் செயலாளராக இருந்த எமர்சன் டெனன்ட் 1861 இல் வெளியிட்ட இயற்கை வரலாற்று நூலிலே குறிக்கிறார். இடம்பெயர்ந்த எலிக்கு எதிரே இருந்தது காடன்று, கோப்பி. மொட்டையும் பூவையும் எட்டுவதற்காக, தன் எடையைத் தாங்காத மெல்லிய கிளைகளை அது கத்தியால் அறுத்தாற்போல் துண்டித்து, கீழே வீழ்த்தித் தின்றது. ஒரே தோட்டத்தில் ஒரே நாளில் ஆயிரம் எலிகள் வரை கொல்லப்பட்டதாகவும் அந்நூல் கூறுகிறது.

தோட்டத் துரைமார் எலியைக் கள்வன் என்றனர். அதன் உணவையும் படுக்கையையும் முதலில் எரித்தவர் யார் என்று அவர்கள் கேட்கவில்லை.

இதே நூலில் மற்றொரு செய்தியும் வருகிறது. மலபார்க் கூலிகள், அதாவது தமிழகத்திலிருந்து வந்த தொழிலாளர், இவ்வெலி மிகுந்த பகுதிகளையே விரும்பினர். எலியைத் தேங்காய் எண்ணெயில் பொரித்தும் கறியாக்கியும் தின்றனர் என்கிறார் டெனன்ட். அவர்களுக்கு அவ்விறைச்சியில் அவ்வளவு ஆசையாம்!

அது ஆசைதானா? இக்கேள்வியை நாம் கேட்டாக வேண்டும். வயலெலியைப் பிடித்து உண்பது தமிழகத்துச் சிற்றூர்களிலே பழைய வழக்கம்; அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தாய்நாட்டில் அறிந்த எலியே இங்கும் எதிர்ப்பட்டது. ஆயினும் அம்மக்கள் எந்நிலையில் வந்தனர்? பஞ்சமும் கடனும் துரத்த, கடல் கடந்து, மன்னாரிலிருந்து வடபாதை வழியே மாத்தளை நோக்கிக் காட்டினூடே நடந்தனர். நோயாலும் பசியாலும் வழியிலே மடிந்தோர் பலர். தோட்டத்தில் கிடைத்த அரிசியோ இந்தியாவிலிருந்து வந்து, மாட்டுவண்டியில் மலையேறியது. அதன் விலை சம்பளத்திலே கழிக்கப்பட்டது. படுக்கவோ, பத்தடிக்குப் பன்னிரண்டடி அளவிலான லயத்து அறை. விரிக்கப் பல வேளைகளில் ஒரு சாக்கு. அத்தகைய மனிதன் பகலெல்லாம் கோப்பியைக் காத்து, மாலையில் எலியைக் கறியாக்கினால், அதனை ருசி என்று மட்டும் எழுதுவது பாதி உண்மையே. எலிக்குப் பஞ்சம் வந்ததென்று எழுதத் தெரிந்த பேனா, மனிதனுக்கு ஆசை வந்ததென்று எழுதிற்று.

கோப்பியின் காலமும் நிலைக்கவில்லை. 1869 இல் இலைத்துரு நோய் தோன்றிற்று. இருபது ஆண்டுகளுக்குள் கோப்பித் தோட்டங்கள் பெரும்பாலும் அழிந்தன. எந்த எலியும் செய்யாத நாசத்தை ஒரு பூஞ்சணம் செய்தது. 1867 இல் ஜேம்ஸ் டெய்லர் லூல்கந்துரவில் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை அவ்விடத்தைப் பிடித்தது. துரைமார் பயிரை மாற்றினர், லயம் மாறவில்லை.

காட்டைவிட்டு வராத எலிகளும் உண்டு. தேயிலைத் தோட்டத் துரையாயிருந்து விலங்கியலில் வல்லவரான டபிள்யூ. டபிள்யூ. ஏ. பிலிப்ஸ், 1932 இல் மலைநாட்டு எலி இனம் ஒன்றை விவரித்தார். நெலுவின் பெயராலேயே அதனை நெலு எலி என்கின்றனர். உலகில் வேறெங்கும் இல்லாத அவ்வெலி, எஞ்சியுள்ள மலைக்காடுகளிலே ஒடுங்கி, இன்று அழியும் ஆபத்திலுள்ள இனமாகக் கணிக்கப்பட்டிருக்கிறது.

நேயர்களே, தோட்டத்துக்கு வந்த எலியைக் கொன்றனர். காட்டிலே தங்கிய எலிக்குக் காடே குறைந்தது. ஓர் உயிருக்குத் தீனியும் படுக்கையும் வேண்டுமென்பதை நாம் இன்று ஆய்வுகூட எலிக்கும் ஒப்புக்கொள்கிறோம். அந்த ஒப்புதல் மனிதனுக்குக் கிடைக்க, மலைநாட்டில் எத்தனை தலைமுறைகள் காத்திருக்க வேண்டியதாயிற்று! லயத்தின் வாசலிலே நின்று பார்த்தால், அந்தக் காத்திருப்பு இன்னும் முடிந்துவிடவில்லை என்பது தெரியும்.