ஏட்டில் எழுதப் பழகுதல்

ஏட்டில் எழுதப் பழகுதல் என்பது பனையோலையில் எழுத்தாணியால் தமிழ் எழுத்துகளைக் கீறக் கற்கும் பயிற்சியாகும். 19ஆம் நூற்றாண்டுத் திண்ணைப் பள்ளிகளில் சிறுவர்கள் மணலில் விரலால் எழுதித் தேறிய பின்னரே எழுத்தாணியைப் பிடித்தனர். ஓலையைப் பிடித்த இடக்கையின் பெருவிரல் எழுத்தாணிக்கு அணையாக நிற்கும். எழுத எழுத ஓலை இடப்புறம் நகர்த்தப்படும்.

சீன எழுத்துகளில் கோடுகளின் வரிசை பொதுவாக மேலிருந்து கீழாகவும் இடமிருந்து வலமாகவும் அமையும். தமிழில் வியப்பளிப்பது குறிகளின் வரிசையாகும். 'கொ' என்பதில் ககரம் முதலில் ஒலித்தாலும் கொம்பே முதலில் எழுதப்படுகிறது. (கணினியின் ஒருங்குறியிலோ ககரமே முதலில் சேமிக்கப்படுகிறது.)

ஓலை கிழியாதிருக்கப் புள்ளி பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. இதனால் 'எரி', 'ஏரி' இரண்டும் ஒரே வடிவம் பெற்றன. ரகரத்துக்கும் காலுக்கும் வேறுபாடில்லை. 18ஆம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் நெடில்களுக்குத் தனி வடிவம் தந்த பின்னரும் ஏடுகளில் பழைய முறை தொடர்ந்தது.

திருச்சிராப்பள்ளியில் வாழ்ந்து, திருவரங்கத் தீவிலுள்ள திருவானைக்காவின் அம்மன் மீது அகிலாண்டநாயகி பிள்ளைத்தமிழ் பாடியவர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876). அவர் செய்யுளைச் சொல்லச் சொல்ல, மாணாக்கர் ஏட்டில் எழுதினர். நேரில் கேட்டு எழுதியவருக்கு ஐயம் எழவில்லை. அவ்வேட்டைப் பின்னாளில் படியெடுத்தவரே குறிலா நெடிலா என்பதைப் பொருளறிந்து முடிவு செய்ய வேண்டியிருந்தது.