நேற்றுப் பிறந்த 'தொன்றுதொட்ட வழக்கம்'

நியூயார்க் மாநகரம். 1950ஆம் ஆண்டை ஒட்டிய ஒரு மாலைப்பொழுது. நகைக்கடை வாயிலில் ஓர் இளைஞன் நிற்கிறான். உழைத்துப் பிழைப்பவன், மாதக் கணக்கில் மிச்சம் பிடித்த பணம் சட்டைப்பையில் இருக்கிறது. காதலிக்கு மண உறுதி மோதிரம் தேர்ந்தெடுக்க வந்திருக்கிறான். மரகதமா, முத்தா, வெறும் பொன்னா என்று அவன் உள்ளம் ஊசலாடவில்லை. வைரம் வேண்டும் என்கிறான். ஏனப்பா வைரம் என்று கேட்டால், 'தொன்றுதொட்டு வரும் வழக்கமாயிற்றே!' என்கிறான்.

தொன்றுதொட்டு! அந்தச் சொல் காதில் விழுந்ததும் ஐயம் பிறக்க வேண்டாமா, தோழர்களே? எந்தத் தொன்மை? எவர் தொட்டது?

பண்டைய ரோமாபுரிக்குச் செல்வோம். முதல் நூற்றாண்டில் வாழ்ந்த பிளினி என்ற அறிஞர், மணம் பேசிய பெண்ணுக்கு அனுப்பப்படும் மோதிரத்தைப் பற்றி எழுதி வைத்திருக்கிறார். அது வைரமன்று, பொன்னுமன்று. கல் பதிக்காத வெறும் இரும்பு! நான்காம் விரலிலிருந்து இதயத்திற்கு நேரே ஒரு நரம்பு ஓடுகிறது, ஆகவே மோதிரம் அங்கேதான் ஏற வேண்டும் என்றும் அந்நாளில் நம்பினர். பின்னாளில் உடலை அறுத்து ஆராய்ந்த மருத்துவர்களின் கண்ணில் அப்படியொரு தனி நரம்பு படவில்லை. நரம்பு பொய்யாயிற்று, விரல் மட்டும் இன்றும் மாறவில்லை!

வைரம் மன்னர் மாளிகைப் பொருளாக இருந்தது. 1477இல் ஆஸ்திரிய இளவரசர் மாக்சிமிலியன், பர்கண்டி நாட்டு மேரிக்கு வைர மோதிரம் அளித்தாராம். இதைத்தான் விளம்பரக்காரர்கள் பிற்காலத்தில் எடுத்துக்காட்டினார்கள். ஏரோட்டியவனும் செருப்புத் தைத்தவனும் என்ன அளித்தார்கள் என்று எவரும் ஏட்டில் எழுதவில்லை. பதினெட்டாம் நூற்றாண்டின் தொடக்கம் வரை உலகிற்கு வைரம் பெரும்பாலும் இந்தியாவிலிருந்தே சென்றது. கோல்கொண்டாவின் பெயர் ஐரோப்பாவில் செல்வத்திற்கே மறுபெயராயிற்று. அரிதாக இருந்தது; அதனால் விலை இருந்தது.

அந்த அருமை 1867க்குப் பின் குலைந்தது. தென்னாப்பிரிக்காவில் வைரம் கிடைத்தது. கிம்பர்லியில் மண்ணைத் தோண்டத் தோண்டக் கொட்டியது! பொருள் பெருகினால் விலை விழும் அல்லவா? முதலாளிகள் நடுங்கினர். 1888இல் செசில் ரோட்ஸ் என்பவர் போட்டிச் சுரங்கங்களை இணைத்து 'டி பீர்ஸ்' நிறுவனத்தை அமைத்தார். எவ்வளவு வைரம் வெளியே வரவேண்டும் என்பதை இனி இயற்கையல்ல, நிறுவனமே முடிவு செய்யும்!

தோண்டியவர்கள் யார்? ஆப்பிரிக்கத் தொழிலாளர்கள். ஒப்பந்தக் காலம் முடியும்வரை வேலியிட்ட அடைப்புகளுக்குள்ளேயே உண்டு உறங்கினர். விடைபெறும் நாளிலோ ஆடை களையப்பட்டுப் பல நாள் பூட்டி வைக்கப்பட்டனர். விழுங்கிய கல் ஏதேனும் வெளிவருகிறதா என்று பார்ப்பதற்காக! இத்தகைய சோதனையை வெள்ளைத் தொழிலாளர் மீதும் திணிக்க முயன்றபோது, 1883இலும் 1884இலும் அவர்கள் வேலை நிறுத்தம் செய்து தடுத்தனர். ஆப்பிரிக்கர்களுக்கு அந்த வாய்ப்பு இல்லை. காதலின் சின்னம் என்று கண்ணாடிப் பேழையில் சிரிக்கும் கல், அந்தப் பூட்டிய அறையைத் தாண்டித்தான் வந்தது.

1930களின் பொருளாதார மந்தத்தில் வைர வாணிகம் படுத்துவிட்டது. 1938இல் டி பீர்ஸ், அமெரிக்க விளம்பர நிறுவனமான என். டபிள்யூ. அயரை நாடியது. அது செய்த வேலைதான் வியப்பு! திரைப்பட நட்சத்திரங்களின் விரல்களில் வைரம் ஏறியது. செய்தித்தாள்களில் அதன் படம் வந்தது. உயர்நிலைப் பள்ளிகளுக்கே பேச்சாளர்கள் சென்று மாணவியரிடம் வைர மோதிரத்தின் பெருமையை ஓதினர். மூன்றே ஆண்டுகளில் அமெரிக்காவில் வைர விற்பனை 55 விழுக்காடு உயர்ந்தது. மந்திரம் ஓதும் புரோகிதர் இல்லாமலே ஒரு சடங்கு பிறந்துவிட்டது!

1947இல் அந்நிறுவனத்தில் விளம்பரம் எழுதிய பிரான்சஸ் ஜெரட்டி என்ற பெண்மணி, வைரம் என்றென்றும் நிலைப்பது என்னும் பொருளில் ஒரு வாசகம் எழுதினார். கோடிக்கணக்கான மணப்பெண்களுக்கு மோதிரம் ஏற வழிசெய்த அவர், கடைசி வரை மணம் செய்துகொள்ளவில்லை. என்றென்றும் என்ற சொல்லின் உட்பொருள் என்ன? விற்காதே என்பதுதான்! பழைய கற்கள் சந்தைக்குத் திரும்பினால் விலை சரியும். வாங்கிய கல்லை விற்கச் சென்றவனுக்குக் கொடுத்த பணம் திரும்பாது என்ற உண்மையும் வெளியாகும். உண்மையில் வைரம் நிலையானதுமன்று. பதினெட்டாம் நூற்றாண்டிலேயே லவாய்சியர் அதை எரித்துக் காட்டினார். அது வெறும் கரியே என்று 1797இல் டென்னன்ட் மெய்ப்பித்தார்.

அமெரிக்காவில் வென்ற வித்தை அடுத்து ஜப்பானுக்குக் கப்பலேறியது. 1967இல் அங்கே விளம்பரம் தொடங்கியபோது, மணம் உறுதியான பெண்களில் வைர மோதிரம் பெற்றவர்கள் நூற்றுக்கு ஐவர்கூட இல்லை. 1981இல் ஏறத்தாழ 60 பேர்! இடையில் கழிந்தவை பதினான்கே ஆண்டுகள். அந்த ஆண்டில் பிறந்த குழந்தை, நினைவு தெரிந்த நாள் முதல் தாயின் விரலில் வைரத்தைக் கண்டே வளர்ந்திருக்கும். தனக்கு மணம் பேசியபோது, அது எங்கள் வழக்கம் என்றுதானே சொல்லியிருக்கும்?