பல்லு வேரை அளந்த கதை

"பல்லுப் போனால் சொல்லுப் போச்சு" எண்டு ஊரில் சொல்லுவினம். ஆனால் வன்னியில் எங்கட தாய் தகப்பன் தலைமுறையில் கடைவாய்ப் பல்லு ரெண்டு மூண்டு இல்லாத ஆக்களைத் தேடித் திரியத் தேவையில்லை. கேட்டால், "கொதி தாங்கேலாமல் கழட்டினது" எண்டு ஒரு வரியில் முடிச்சிடுவினம். அந்தப் பல்லுகளில் சிலதையாவது காப்பாற்றியிருக்கலாமோ? அதுக்குப் பதில் தேடுறதெண்டால், பல்லு வேரை மனிசர் எப்படி அளக்கப் பழகினார்கள் என்ற கதையைத் தெரிஞ்சிருக்க வேணும்.

ஒவ்வொரு பல்லுக்குள்ளும் நரம்பும் இரத்தக்குழாயும் ஓடுகிற மெல்லிய குழாய் ஒன்றோ பலவோ வேரின் நுனிவரை போகின்றன. சூத்தை அதுவரை இறங்கினால் இரண்டு வழிதான். ஒன்று, பல்லைக் கழட்டுவது. மற்றது, குழாயைச் சுத்தம் செய்து அடைத்துவிட்டுப் பல்லை வைத்திருப்பது. இதைத்தான் 'றூட் கனால்' என்கிறோம். சிக்கல் என்னவென்றால், டொக்டரின் கண்ணுக்குத் தெரிவது குழாயின் வாய் மட்டுமே. ஊசி நுனிக்கு முன்னமே நின்றால் கிருமி உள்ளே தங்கும், கொதி திரும்பி வரும். நுனியைத் தாண்டிப் போனால் எலும்புப் பக்கம் புண்ணாகும். 19ஆம் நூற்றாண்டு முழுவதும் இந்த ஆழத்தைச் சொன்னவை இரண்டு: டொக்டரின் விரல் உணர்வும், நோயாளியின் "ஆ" என்ற சத்தமும்.

1895 நவம்பர் 8ஆம் திகதி ஜேர்மனியில் றொன்ட்ஜன் எக்ஸ்றேயைக் கண்டுபிடித்தார். சில வாரங்களிலேயே, 1896 ஜனவரியில், அதே நாட்டுப் பல் வைத்தியர் ஒட்டோ வால்க்கொஃப் தன் வாய்க்குள் கண்ணாடித் தட்டு ஒன்றை வைத்து, 25 நிமிடம் அசையாமல் இருந்து தன் பல்லுகளைப் படம் எடுத்தார். 1899இல் அமெரிக்காவின் நியூ ஓர்லியன்ஸ் நகரில் எட்மண்ட் கெல்ஸ் அடுத்த படியை வைத்தார். நோயாளியின் முன்பல்லின் குழாய்க்குள் ஈயக் கம்பி ஒன்றைச் செருகிப் படம் எடுத்தார். ஈயத்தை எக்ஸ்றே ஊடுருவாது. அதனால் கம்பி வேருக்குள் எதுவரை போயிருக்கிறது என்று தெளிவாகத் தெரிந்தது. ஈயக் கம்பியின் இடத்தில் இப்ப உருக்கு ஊசி வந்திருக்கிறது. செய்யும் முறை பெரிதாக மாறவில்லை.

அதற்கு கெல்ஸ் கொடுத்த விலை பெரிது. அந்தக் காலத்தில் கதிர் சரியாக வருகிறதா என்று தன் கையையே நீட்டிப் பார்ப்பார்கள். கெல்ஸும் வருடக்கணக்காக அப்படித்தான் செய்தார். கையில் புற்றுநோய் வந்தது. முதலில் விரல்கள், பிறகு கை என்று வெட்டி எடுத்தார்கள். 1928இல் வேதனை தாங்காமல் தன் உயிரைத் தானே முடித்துக்கொண்டார்.

படம் கிடைத்தாலும் அதை அப்படியே நம்ப முடியாது. பனையின் நிழல் காலையில் நீளும், மத்தியானம் குறுகும். எக்ஸ்றே படமும் ஒரு நிழல்தான். கதிர் விழும் சரிவைப் பொறுத்து வேர் நீண்டோ குறுகியோ தெரியும். இதற்கு 1907இல் விதி சொன்னவர் போலந்துக்காரரான அன்ரோனி சியெசின்ஸ்கி. பல்லுக்கும் தட்டுக்கும் நடுவிலுள்ள கோணத்தைப் பாதியாகப் பிரிக்கும் கோட்டுக்குக் கதிர் செங்குத்தாக விழுந்தால், நிழலின் நீளமும் பல்லின் நீளமும் ஒன்றாகும். 1941 ஜூலையில் நாசிகள் லெவோவ் நகரில் பேராசிரியர்களைச் சுட்டுக் கொன்றபோது அவரும் கொல்லப்பட்டார்.

அப்படியும் பிழைத்தால் பள்ளிக்கூடக் கணக்கு உதவும். 20 மில்லிமீற்றர் ஊசி படத்தில் 22 ஆகத் தெரிகிறது, பல்லு 24.2 ஆகத் தெரிகிறது என்று வைப்போம். 24.2ஐ 20ஆல் பெருக்கி 22ஆல் வகுத்தால் பல்லின் உண்மை நீளம் 22 மில்லிமீற்றர். வேலையை அந்த நுனிக்கு அரை முதல் ஒரு மில்லிமீற்றர் முன்னால் நிறுத்துவார்கள். ஏன்? குழாய் மிக ஒடுங்கும் இடம் நுனிக்குச் சற்று உள்ளே இருக்கிறது. 1955இல் மெக்சிக்கோவின் குட்லர் நுணுக்குக்காட்டியில் அளந்து, ஒடுங்கிய இடத்திலிருந்து குழாயின் வெளிவாய் வரை இளம் வயதினருக்குச் சராசரி 0.5 மில்லிமீற்றர் அளவு என்று காட்டினார். 1962இல் ஜப்பானின் சுனாடா மின்தடையை வைத்து நுனியைக் கண்டறியும் வழியைச் சொன்னார். 1987இல் பிரான்சிலிருந்து பிலிம் இல்லாத டிஜிற்றல் பல் எக்ஸ்றே வந்தது.

இந்த வருடங்களை எங்கட வருடங்களோடு வைத்துப் பாருங்கோ. இலங்கையில் பல் மருத்துவப் படிப்பு 1943இலேயே தொடங்கிவிட்டது. அறிவு நாட்டுக்குள் இருந்தது. ஆனால் ஒரு பல்லுக்குக் குறைந்தது மூன்று படம் வேணும்: தொடங்க முன் ஒன்று, அளக்க ஒன்று, அடைத்த பிறகு ஒன்று. அதுக்கு மின்சாரம் வேணும், பிலிம் வேணும், கழுவ மருந்து வேணும். 1990களில் ஓமந்தைக்கு வடக்கே மின்கம்பியில் மின்சாரம் இல்லை. எரிபொருளுக்கும் பற்றறிக்கும்கூடத் தடை. 2002இல் ஏ9 திறந்தது, 2006 ஓகஸ்டில் மூடியது. 2009இல் புதுக்குடியிருப்பு ஆசுப்பத்திரியிலேயே எறிகணை விழுந்தது. உயிரைக் காப்பாற்றவே வழியில்லாத நேரத்தில் வேரை அளக்கிற கதை எங்கே? குறட்டுக்குக் கரண்ட் தேவையில்லை. அதனால் பல்லுக் கழண்டது.

அந்தத் தலைமுறைக்குப் பல்லில் அக்கறை இல்லை எண்டு சொல்லுறது அநியாயம். அவைக்கு முன்னால் இருந்தது ஒரே ஒரு வழி. எங்களுக்கு இப்ப ரெண்டு வழி இருக்கு. ஆனாலும் "கொதிச்சால் கழட்டு" எண்ட பழக்கம் இன்னும் வீடுகளில் நிக்குது. அடுத்த முறை அம்மாவைப் பல்லுக்குக் கூட்டிக்கொண்டு போனால், கதிரையில் இருக்க முன்னம் ஒரு கேள்வி கேளுங்கோ: "டொக்டர், படம் எடுத்துப் பாத்திட்டு முடிவெடுப்பமோ?"