காலிமனைப் பராமரிப்பு விதிகள் (தமிழ்நாடு)

கட்டடம் எழும்பாத மனையைச் சுகாதாரக் கேடின்றி வைத்திருப்பது உரிமையாளரின் பொறுப்பு. நகரங்களில் ஆறு மாதத்துக்கு ஒருமுறை காலிமனை வரி உண்டு. அதைக் கட்டிவிட்டால் இந்தக் கடமை தீர்ந்துவிடாது. இதற்கான முதன்மைச் சட்டம் 1939ஆம் ஆண்டின் பொதுச் சுகாதாரச் சட்டம். அதன்படி, கொசு பெருகும்படி நீரைத் தேங்கவிடக் கூடாது. சுகாதார அலுவலர் அறிவிப்பு கொடுத்தும் உரிமையாளர் அசையாவிட்டால், அலுவலரே ஆள் வைத்துச் சீர்செய்து செலவை அவரிடம் வசூலிக்கலாம்.

டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்குக் கொட்டாங்கச்சியில் நிற்கும் மழைநீரே போதும். முட்டை பொரிந்து கொசுவாகப் பறக்க ஒரு வாரம் முதல் பத்து நாள் ஆகும். அறிவிப்பு வெளியூரிலுள்ள உரிமையாளரைச் சென்றடைவதற்குள் காய்ச்சல் பக்கத்து வீட்டை எட்டிவிடலாம். ஆகவே வடகிழக்குப் பருவமழைக்கு முன்பே பழைய டயர்களை அகற்றி, பள்ளங்களை மண்ணிட்டு மூட வேண்டும்.