லயத்துக்கும் நீதிமன்றத்துக்கும் இடையே: ஊவாத் தோட்டங்களில் இளையோர் நன்னடத்தைச் சேவையின் வரலாறு

வெலிமடைப் பக்கம் கெப்பெட்டிப்பொலையில் சிறுவருக்கான சான்று பெற்ற பாடசாலை ஒன்று இருக்கிறது. தல்தெனையில் இளம் குற்றவாளர் சீர்திருத்த நிலையம் இருக்கிறது. பண்டாரவளைக்கு அருகே பிந்துனுவெவயில் 2000ஆம் ஆண்டுவரை தமிழ் இளைஞர்களை அடைத்துவைத்த புனர்வாழ்வு முகாம் ஒன்று இயங்கியது. இளையோரைத் திருத்துவதற்கென்று அரசு ஏற்படுத்திய இந்த மூன்று இடங்களும் பதுளை மாவட்டத்துக்கு உள்ளேயே வருகின்றன. ஆனால் அதே மாவட்டத்தின் தோட்டங்களில் பிறந்த ஒரு சிறுவன் சட்டத்தின் கையில் அகப்பட்டால் அவனுக்கும் நீதவானுக்கும் நடுவே யார் நிற்பது என்பது எட்டுத் தசாப்தங்களாக எழுத்தில் தீர்க்கப்படாமலே கிடக்கிறது. கங்காணி நின்றிருக்கிறார், தோட்டத் துரை நின்றிருக்கிறார், தொழிற்சங்கத் தலைவர் நின்றிருக்கிறார். சட்டம் அவர்களில் எவரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை.

தோட்டத்து இளைஞனுக்கு நீதிமன்றம் முதலில் அறிமுகமானது ஒப்பந்தத்தின் வழியாகத்தான். 1865இன் 11ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தக் கட்டளைச் சட்டத்தின்படி, சொல்லாமல் தோட்டத்தை விட்டுப் போவது சிறைக்குரிய குற்றம். பதினாறு வயதுப் பையன் கடனிலிருந்து தப்ப அடுத்த தோட்டத்துக்கு ஓடினாலும், நகை திருடினாலும் போய் நிற்கும் கூண்டு ஒன்றே. கடனைக் குறித்த துண்டு முறையும் தண்டனைப் பிரிவுகளும் 1921ஐ ஒட்டி நீக்கப்படும்வரை, அவனுக்காக வாய் திறக்கக்கூடியவர் பெரிய கங்காணி ஒருவர்தான். அந்தக் கடனுக்கு உரியவரும் அவரே.

1939இல் இரண்டு கட்டளைச் சட்டங்கள் வந்தன. 48ஆம் இலக்கச் சிறுவர், இளையோர் கட்டளைச் சட்டம் 14 வயதுக்குக் கீழ்ப்பட்டவரைச் சிறுவர் என்றும், 14 முதல் 16க்கு உட்பட்டவரை இளையோர் என்றும் வகுத்து, அவர்களைத் தனியே விசாரிக்கச் சொன்னது. 28ஆம் இலக்கச் சட்டம் 16 முதல் 22 வரையானோருக்குப் பயிற்சிப் பாடசாலையை ஏற்படுத்தியது. 1944இல் குற்றவாளர் நன்னடத்தைக் கட்டளைச் சட்டம் சேர்ந்துகொண்டது. 1933ஆம் ஆண்டு ஆங்கிலேயச் சட்டத்தை ஒட்டி எழுதப்பட்ட 48ஆம் இலக்கச் சட்டம் அன்றைய நிலையில் முற்போக்கானதுதான். சிறுவனின் வீட்டுச் சூழல், பாடசாலைப் பதிவு, உடல்நலம், குணம் ஆகியவற்றை மன்று அறிந்துகொள்ள வேண்டும் என்றது. உறவினரிடமோ வேறு தகுந்த ஆளிடமோ அவனை ஒப்படைக்கலாம் என்றது. அதே சட்டம் ஆண் சிறுவருக்குப் பிரம்படியையும் அனுமதித்தது. அந்தத் தண்டனை சட்டப் புத்தகத்திலிருந்து முற்றாக நீங்கியது 2005இல்தான்.

இங்கிலாந்தில் இச்சட்டத்துக்குப் பின்னால் உள்ளூராட்சி சபையும் தேவாலயமும் தொண்டர் சங்கங்களும் இருந்தன. ஊவாவின் சிங்களக் கிராமத்தில் அவற்றின் இடத்தைக் கிராமத் தலைமைக்காரரும் பன்சலையும் ஒருவாறு நிரப்பலாம் என்று எண்ணியிருக்கலாம். தோட்டத்தில் அதுவும் இல்லை. 1930களின் இறுதியில் திருத்தப்பட்ட கிராமச் சபைச் சட்டம் தோட்டத்து இந்தியத் தொழிலாளருக்கு வாக்குரிமை மறுத்தது. ஆகவே சட்டம் தேடிய சமூகம் தொழிலாளர் குடியிருப்பான லயங்களில் உயிரோடு இருந்தும், அரசாங்கத்தின் கண்ணில் அது படவில்லை. 1948இன் பிரசாவுரிமைச் சட்டம் அந்த நிலையை இன்னும் இறுக்கியது.

ஒரு வழக்கு நடைமுறையில் எப்படி நகர்ந்தது என்று கொஞ்சம் கிட்டப் போய்ப் பார்க்கலாம். லயக் காம்பராவுக்குத் தனி முகவரி கிடையாது. மன்றிலிருந்து வரும் அறிவித்தல் தோட்டக் கந்தோரின் தபால் பையில் வந்து இறங்கும். அங்கிருந்து அது குடும்பத்தின் கைக்குப் போவது கந்தோரின் சௌகரியத்தைப் பொறுத்தது. தவணை தவறினால் பிடியாணை. நன்னடத்தை உத்தியோகத்தர் நேரில் வந்தாலும் தோட்டப் பாதை தனியார் பாதை என்பதால், கந்தோரில் சொல்லிவிட்டுத்தான் லயத்துக்கு ஏற வேண்டும். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஆறு பேர். தாய் காலைப் பிரட்டுக்குப் போய்க் கொழுந்து நிறுத்துத் திரும்பும்போது பொழுது சாய்ந்துவிடும். பையனைப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை. உத்தியோகத்தர் எழுதும் ஒவ்வொரு வரியும் உண்மைதான். அந்த வரிகளைக் கூட்டி ‘வீட்டுச் சூழல் பொருத்தமற்றது’ என்று முடிக்கும்போது பிழை நேர்கிறது. தோட்ட நிர்வாகம் கட்டிக்கொடுத்த அறையின் அளவு பிள்ளையின் மேல் சாட்சியாகி, அவன் சான்று பெற்ற பாடசாலைக்குப் போகிறான். தகுந்த ஆள் என்ற ஏற்பாடு இத்தகைய வழக்குக்கென்றே எழுதப்பட்டது போலிருக்கிறது; ஆனால் காணித்துண்டோ பதவியோ இல்லாத பக்கத்துக் காம்பராக்காரரை எந்த மன்று தகுந்தவர் என்று ஏற்கும்?

கங்காணியின் இடத்துக்குத் தொழிற்சங்கத் தலைவர் வந்தது 1940களில். பதுளை வேவெஸ்ஸத் தோட்டத்தில் 1940இல் நடந்த வேலைநிறுத்தம், துரைக்கு எதிரே தொழிலாளரின் சொந்தக் கமிட்டி ஒன்று எழுந்து நிற்க முடியும் என்று ஊவாவுக்குக் காட்டியது. பிறகு இலங்கை இந்தியன் காங்கிரஸும் அதன் வழிவந்த இலங்கைத் தொழிலாளர் காங்கிரஸும் ஏனைய சங்கங்களும் தோட்டந்தோறும் தலைவர்களை உருவாக்கின. பையன் பொலிஸில் இருக்கிறான் என்றால் இன்றும் முதலில் ஆள் போவது தலைவர் வீட்டுக்குத்தான். அவர் நிலையத்துக்குப் போவார், பிணைக்கு ஆள் பிடிப்பார், தண்டப் பணத்துக்கு லயத்தில் காசு திரட்டுவார், கோயிலடியில் இரு வீட்டாரையும் உட்கார்த்திப் பேசுவார். நன்னடத்தைச் சேவை செய்ய வேண்டியதில் பாதி இதுதான். இதைப் போற்றி மட்டும் எழுதிவிட முடியாது. சாதியும் சங்கக் கட்சியும் அந்தப் பேச்சில் உட்கார்ந்திருக்கும். பெண் பிள்ளைக்கு இழைக்கப்பட்ட கொடுமையையும் ‘ஊர் மானம்’ என்று அதே கோயிலடியில் முடித்துவைப்பது, இந்த வழக்கத்தின் மன்னிக்க முடியாத பக்கம்.

நிர்வாக வரலாறு சுருக்கமானது. 1956இல் நன்னடத்தை, சிறுவர் பராமரிப்புத் திணைக்களம் அமைந்தது. அரசியலமைப்பின் 13ஆவது திருத்தம் 1987இல் அச்சேவையை மாகாணங்களுக்குக் கொடுத்தது. சிறுவர் உரிமைச் சமவாயம் 1991இல் ஏற்கப்பட்டது. தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகாரசபைச் சட்டம் 1998இல் வந்தது. ஆனால் 1987இன் பிரதேச சபைச் சட்டத்தின் 33ஆம் பிரிவு, சபைப் பணம் தோட்டத்துக்குள் போவதற்குத் தடையாக நின்றது. அது திருத்தப்பட்டது 2018இல். 1999இல் பண்டாரவளை, எல்ல, ஹல்துமுல்ல, ஹாலிஎல, ஹப்புத்தளை, மீகஹகிவுல, பசறை ஆகிய ஏழு பிரதேச செயலகப் பிரிவுகள் இருமொழிப் பிரிவுகளாக அறிவிக்கப்பட்டன. ஆனாலும் நீதிமன்றப் பதிவு சிங்களத்தில்தான். தன்னைப் பற்றிய அறிக்கையையே வாசிக்க முடியாத பையனுக்கு மொழிபெயர்ப்பாளர்தான் துணை.

முதலில் சொன்ன பிந்துனுவெவ முகாமில் இருந்தவர்களில் பெரும்பாலோர் தோட்டப் பிள்ளைகள் அல்லர். வடக்கு கிழக்கைச் சேர்ந்தவர்கள். விடுதலைப் புலிகளிலிருந்து விலகிச் சரணடைந்தவர்கள், சந்தேகத்தில் பிடிக்கப்பட்டவர்கள். பதின்ம வயதினரும் அவர்களில் இருந்தனர். கடிதங்கள் தாமதமாவது, விடுதலை தள்ளிப்போவது பற்றிய மனக்குறை 2000 ஒக்டோபர் 24 அன்று முகாமில் பதற்றமாக வெடித்தது. முகாமுக்கு எதிரான சுவரொட்டிகள் வெளியே முளைத்தன. மறுநாள் காலை ஆயிரக்கணக்கானோர் கத்தி, பொல்லுகளோடு உள்ளே புகுந்தனர். காவலுக்கு நின்ற பொலிஸார் தடுக்கவில்லை. ஜனாதிபதி விசாரணை ஆணைக்குழுவும் அதைச் சுட்டியது. அரசின் பொறுப்பில் இருந்த 27 பேர் கொல்லப்பட்டனர். 2003இல் ஐவருக்கு மரண தண்டனை விதிக்கப்பட்டது. 2005 மே மாதத்துக்குள் உயர் நீதிமன்றம் அனைவரையும் விடுவித்துவிட்டது. எவரும் இன்று தண்டனையில் இல்லை.

இந்தக் கொலையை இனவெறியாக வாசிப்பது சரியானதே, ஆனால் அது மட்டும் போதாது. புனர்வாழ்வு என்று பெயர் வைத்த அரசு, அந்த இளைஞர்களுக்கும் சுற்றியிருந்த ஊருக்கும் என்ன உறவு என்பதை எந்த ஒழுங்குவிதியிலும் எழுதவில்லை. தோட்டத்தில் சமூகம் சட்டத்தின் கண்ணுக்குத் தெரியாமல் போனது; இங்கே சட்டம் கணக்கில் எடுக்காத சுற்றூர் கும்பலாக வந்து நின்றது. ஒப்பிட 2009ஐப் பார்க்கலாம்: போரின் முடிவில் வந்த 594 சிறுவர் போராளிகள் அம்பேபுஸ்ஸவிலும் பிறகு இரத்மலானை இந்துக் கல்லூரியிலும் தங்கவைக்கப்பட்டனர். சிலர் பரீட்சை எழுதினர். 2010இல் வீடு திரும்பினர். அந்த ஏற்பாட்டிலும் குறைகள் உண்டு. இருந்தாலும் பாடசாலைக்கும் குடும்பத்துக்கும் அதில் இடம் இருந்தது.

2018இன் 10ஆம் இலக்கத் தண்டனைச் சட்டக்கோவைத் திருத்தம் குற்றப் பொறுப்பு வயதை 8இலிருந்து 12ஆக உயர்த்தியது. 12க்கும் 14க்கும் இடைப்பட்டவரின் முதிர்ச்சியை மன்று பார்க்க வேண்டும். நல்ல திருத்தம். ஆனால் பதினொரு வயதில் கொழுந்தோ விறகோ திருடிப் பிடிபட்ட பிள்ளையை நீதவான் விடுவித்த பிறகு யார் ஏற்பது என்று அது சொல்லவில்லை. தோட்டத்தில் அதற்கு ஆட்கள் இருக்கிறார்கள்: பாடசாலை ஆசிரியர், பிள்ளை மடுவத்தை நடத்தும் சிறுவர் அபிவிருத்தி உத்தியோகத்தர், சங்கத் தலைவர், தாய்மார் சங்கம். இவர்களைத் தகுந்த ஆட்களாகப் பதிவு செய்து, பயிற்சி கொடுத்து, பெண் பிள்ளைகள் சம்பந்தப்பட்ட முறைப்பாடுகளில் சமரசத்தைத் தடைசெய்து ஒரு நியதிச்சட்டம் இயற்ற ஊவா மாகாண சபைக்கு 13ஆவது திருத்தம் அதிகாரம் கொடுத்திருக்கிறது. அந்தச் சபைக்குக் கடைசியாகத் தேர்தல் நடந்தது 2014 செப்டம்பரில். அதன் பதவிக்காலம் 2019இல் முடிந்தது.