உறவுநிலைத் தரவுத்தளங்களில் காலப் பதிவு: ஒரு வரலாற்று ஆய்வு (1970–2025)

ஆய்வுச் சுருக்கம்

உறவுநிலைத் தரவுத்தளம் நிகழ்கால நிலையைக் காட்டும் கருவியாகவே வளர்ந்தது. ஒரு மதிப்பு மாறும்போது அதன் இடத்தில் புதியது எழுதப்படுவதால் பழையது அழிகிறது. இவ்வழிவைத் தடுக்கக் கணிப்பியல் அறிஞர்கள் 1980-கள் முதல் மேற்கொண்ட முயற்சிகளையும், அவை 2011-ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரநிலையில் பெற்ற வடிவத்தையும் இக்கட்டுரை ஆராய்கிறது. ஒரு செய்தி உண்மையாயிருந்த காலமும் அது பதிவில் இருந்த காலமும் வேறு வேறு என்னும் தெளிவே இவ்வரலாற்றின் மையம் என்பதும், ஆய்வுத் தரவுகளின் நம்பகத்தன்மை அத்தெளிவைச் சார்ந்தது என்பதும் இதன்வழி நிறுவப்படுகின்றன.

திறவுச்சொற்கள்: உறவுநிலைத் தரவுத்தளம், மெய்க்காலம், பதிவுக்காலம், இருகாலத் தரவு, எஸ்.கியூ.எல். தரநிலை.

முன்னுரை

கல்வெட்டுப் பட்டியல், சுவடி விளக்க அட்டவணை, நூலடைவு, ஊர்ப்பெயர்த் தொகுப்பு ஆகியன இன்று தரவுத்தளங்களாக உருப்பெற்று வருகின்றன. அச்சு நூலின் இரு பதிப்புகளுக்கிடையே உள்ள வேறுபாட்டை இரண்டையும் ஒப்பிட்டு அறியலாம். தரவுத்தளத்தில் ஒரு மதிப்பை மாற்றினால், முன்னேற்பாடு இல்லாதவிடத்து, முந்தைய மதிப்பு இருந்த சுவடே எஞ்சுவதில்லை. ஓர் ஆய்வாளர் எடுத்தாண்ட தரவு பின்னர் அங்கே இல்லாமற்போனால், அவரது முடிவைச் சரிபார்க்கும் வழியும் அடைபடுகிறது. இச்சிக்கல் எவ்வாறு தோன்றியது, எவ்வாறு எதிர்கொள்ளப்பட்டது என்பதை அறிவது கணிப்பொறியாளர்க்கு மட்டுமன்றி வரலாறு, இலக்கியம், கல்வெட்டியல் ஆகிய துறையினர்க்கும் இன்றியமையாதது.

காட் முன்வைத்த மாதிரியில் வரலாறு

ஐ.பி.எம். நிறுவனத்தின் சான் ஹோசே ஆய்வகத்தில் பணியாற்றிய எட்கர் எஃப். காட், 1970 ஜூன் மாதம் 'கம்யூனிகேஷன்ஸ் ஆஃப் தி ஏ.சி.எம்.' இதழில் வெளியிட்ட கட்டுரையே உறவுநிலை மாதிரிக்கு அடிப்படை. தரவு முழுவதையும் நிரைகளும் நிரல்களும் கொண்ட அட்டவணைகளாகக் கருதலாம் என்றும், அவ்வட்டவணைகள் காலந்தோறும் மாறுவன என்றும் அவர் கொண்டார். அக்கட்டுரையில் வரும் எடுத்துக்காட்டு ஒன்று குறிப்பிடத்தக்கது. பணியாளர் ஒருவரின் பதவி வரலாறும் ஊதிய வரலாறும் ஒன்றனுள் ஒன்றாக அடங்கியிருப்பதைத் தனித்தனி அட்டவணைகளாகப் பிரித்துக் காட்டுகிறார் காட். அவற்றில் பதவி ஏற்ற நாளும் ஊதியம் பெறத் தொடங்கிய நாளும் திறவுகோலின் பகுதிகளாக அமைகின்றன.

ஆகவே, வரலாற்றுத் தரவு இம்மாதிரிக்குத் தொடக்கத்திலேயே அறிமுகமான ஒன்றாகும். எனினும் அந்நாள்கள் மாதிரியின் பார்வையில் பிற மதிப்புகளைப் போன்ற வெறும் மதிப்புகளே. ஓர் ஊதியம் எந்நாள் வரை நீடித்தது என்பதை அடுத்த நிரையைக் கொண்டே ஊகிக்க வேண்டும். இறுதி நிரைக்கு அவ்வூகமும் இயலாது. காலத்தைப் பதிவு செய்ய இடம் இருந்தது. காலத்தின் இயல்பை அறிந்த விதிகள் இல்லை.

மேலெழுதுதலும் கணக்கேட்டு மரபும்

1970-களில் ஐ.பி.எம்.மின் 'சிஸ்டம் ஆர்', பெர்க்லி கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் 'இன்கிரஸ்' ஆகிய அமைப்புகள் காட்டின் மாதிரியை நடைமுறைக்குக் கொணர்ந்தன. இத்தகைய அமைப்புகளில் பழைய மதிப்பின் மீதே புதிய மதிப்பை எழுதுவது இயல்பான வழக்காயிற்று. சேமிப்பு வட்டுகளின் விலை மிகுதி இதற்கு ஒரு முதன்மைக் காரணம். மாற்றங்கள் குறிப்பேட்டுக் கோப்புகளில் பதிவாயின என்றாலும், அவை பழுது நேர்ந்தால் மீட்பதற்கு உரியனவாயிருந்தன; வினவுவதற்கு உரியனவாக இல்லை.

இவ்வழக்கின் குறையை ஜிம் கிரே 1981-இல் பரிமாற்றக் கோட்பாடு பற்றிய தம் கட்டுரையில் சுட்டிக்காட்டினார். கணக்கர்கள் பேரேட்டில் எழுதியதை அழிப்பதில்லை. பிழை நேர்ந்தால் அதைக் குறித்துவிட்டு, ஈடுசெய்யும் புதிய பதிவு ஒன்றை இடுவர். நெடுங்கால மரபாகிய இதனை மேலெழுதும் முறை மீறுகிறது என்பது அவரது கருத்தாகும்.

இரு காலங்கள்

காலத்தை மாதிரிக்குள் கொணரும் முயற்சிகள் 1980-களின் தொடக்கத்தில் வலுப்பெற்றன. ஜேக்கப் பென்-ஸ்வி 1982-இல் லாஸ் ஏஞ்சல்ஸ் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் அளித்த முனைவர் பட்ட ஆய்வேடு, ஒரு செய்தி நடப்பில் இருக்கும் காலத்தையும் அது பதிவு செய்யப்பட்ட காலத்தையும் பிரித்துக் காட்டியது. ஜேம்ஸ் ஆலன் 1983-இல் இரண்டு கால இடைவெளிகளுக்கிடையே அமையக்கூடிய உறவுகள் 13 என வகுத்தார். ரிச்சர்ட் ஸ்நாட்கிராஸ், இல்சூ ஆன் ஆகிய இருவரும் 1985-இல் வெளியிட்ட வகைப்பாடு இத்துறையின் கலைச்சொற்களை நிலைப்படுத்தியது. அவர்கள் வகுத்தவற்றுள் முதன்மையான இரண்டு, உலகில் ஒரு செய்தி உண்மையாயிருக்கும் 'மெய்க்காலம்', அச்செய்தி தரவுத்தளத்தில் நிலவும் 'பதிவுக்காலம்' என்பன. இரண்டையும் ஒருங்கே காப்பது இருகாலத் தரவு எனப்படும்.

இவ்வேறுபாட்டைத் தமிழக நில எல்லை மாற்றம் ஒன்றைக் கொண்டு விளக்கலாம். வடாற்காடு மாவட்டம் 1989-இல் பிரிக்கப்பட்டது. ஆற்காடு நகரம் பின்னர் வேலூர் எனப் பெயர்பெற்ற மாவட்டத்தில் அமைந்தது. 2019 நவம்பர் 28 அன்று தொடங்கப்பெற்ற இராணிப்பேட்டை மாவட்டத்தின் பகுதியாயிற்று. ஒரு கல்வெட்டுத் தரவுத்தளம் இம்மாற்றத்தை 2020 மார்ச் 1 அன்றுதான் பதிவு செய்தது எனக் கொள்ளலாம். 2020 ஜனவரியில் ஆற்காடு எம்மாவட்டத்தில் இருந்தது என்னும் வினாவுக்கு விடை, இராணிப்பேட்டை. அதே ஜனவரியில் தரவுத்தளம் எம்மாவட்டத்தைக் காட்டியது என்னும் வினாவுக்கு விடை, வேலூர். முன்னது மெய்க்காலம் பற்றியது. பின்னது பதிவுக்காலம் பற்றியது. அம்மாதத்தில் அத்தரவைக் கொண்டு மாவட்டவாரியாகக் கல்வெட்டுகளை எண்ணிய ஆய்வு எதை நம்பியது என்பதை இரண்டாம் விடையே வெளிப்படுத்தும்.

மாற்றம் வேறு, திருத்தம் வேறு என்பதும் இதனால் விளங்கும். மாவட்டம் பிரிந்தது உலகில் நிகழ்ந்த மாற்றம். பழைய செய்தி தன் காலத்தில் உண்மையாகவே நீடிக்கிறது. ஆற்காட்டைத் தவறுதலாகத் திருவண்ணாமலை மாவட்டத்தின்கீழ் உள்ளிட்டுப் பின்னர்ச் சரிசெய்தால் அது திருத்தம். பழைய செய்தி எக்காலத்தும் உண்மையன்று. மேலெழுதும் தரவுத்தளத்தில் இவ்விரண்டும் ஒரே செயலாகத் தோன்றும்.

தரநிலை பற்றிய கருத்து மோதல்

1992-ஆம் ஆண்டின் எஸ்.கியூ.எல். தரநிலை நாள், நேரம், இடைவெளி ஆகியவற்றுக்கான தரவு வகைகளை வழங்கியது. தொடக்கமும் முடிவும் கொண்ட காலப்பகுதி என்னும் கருத்துக்கு அதில் தனி வகை இல்லை. ஒரே ஊர் ஒரே காலத்தில் இரு மாவட்டங்களில் இடம்பெறக் கூடாது என்னும் எளிய விதியைக்கூட நிரலர்கள் தாமே நீண்ட கட்டளைகளால் எழுத வேண்டியிருந்தது.

இக்குறையைப் போக்க, 1993-இல் டெக்சாஸ் மாநிலத்தின் ஆர்லிங்டனில் கூடிய ஆய்வரங்கைத் தொடர்ந்து, ஸ்நாட்கிராஸ் தலைமையிலான குழு 'டி.எஸ்.கியூ.எல்.2' என்னும் மொழியை 1994-இல் நிறைவு செய்தது. அதன் அடிப்படையிலான முன்மொழிவுகள் தரநிலையின் 'எஸ்.கியூ.எல்./டெம்பொரல்' என்னும் பகுதிக்காக முன்வைக்கப்பட்டன. அம்மொழியில் காலம், அட்டவணையின் பிற நிரல்களைப் போலன்றி, நிரையோடு மறைவாக இணைந்திருக்கும் குறிப்பாக அமைந்தது. பழைய வினாக்கள் மாறாமல் இயங்கவும், புதிய வினாக்கள் சுருக்கமாக அமையவும் இது உதவும் எனக் குழுவினர் கருதினர்.

ஹியூ டார்வென், கிறிஸ் டேட் ஆகியோர் இதனை மறுத்தனர். தரவுத்தளத்திலுள்ள செய்தி அனைத்தும் அட்டவணைகளில் வெளிப்படையான மதிப்புகளாகவே அமைய வேண்டும் என்பது காட் வகுத்த கொள்கை. மறைந்திருக்கும் காலம் அக்கொள்கையை மீறுகிறது என்பது அவர்களின் வாதம். மாற்றாக, இடைவெளியைத் தனித் தரவு வகையாக்கும் வழியை நிகோஸ் லோரன்ட்சோசுடன் இணைந்து எழுதிய நூலில் விரித்துரைத்தனர். உடன்பாடு எட்டப்படாமையால் அப்பகுதிக்கான தரநிலைப் பணி 2001-இல் கைவிடப்பட்டது. காலம் தரவின் ஒரு பண்பா, தரவைச் சூழ்ந்த ஒரு களமா என்னும் கோட்பாட்டு வினாவே இம்மோதலின் அடியில் இருந்தது.

நடைமுறைத் தீர்வுகள்

தரநிலை தாமதப்பட்ட காலத்தில் நடைமுறை தன் வழியே சென்றது. மைக்கேல் ஸ்டோன்பிரேக்கரின் போஸ்ட்கிரஸ் அமைப்பு, நிரைகளை மேலெழுதாமல் பழைய வடிவங்களைக் காப்பதாக 1987-இல் அறிவிக்கப்பட்டது. கடந்தகால நிலையை வினவும் வசதியும் அதில் இருந்தது. வேகக் குறைவும் சேமிப்புச் செலவும் கருதி, 1997-இல் வெளிவந்த 6.2 பதிப்பில் அவ்வசதி நீக்கப்பட்டது. பழைய வடிவங்களைக் காப்பகத்திற்கு அனுப்பும் பொறுப்பையும் கொண்டிருந்த 'வேக்கும்' என்னும் செயல்முறை இன்று அவற்றை அகற்றும் பணியைச் செய்கிறது.

தரவுக் கிடங்குத் துறையில் ரால்ஃப் கிம்பால் 1996-இல் வெளியிட்ட நூல் மூன்று வழிகளைப் பரவலாக்கியது: மேலெழுதுதல், புதிய நிரை சேர்த்தல், முந்தைய மதிப்புக்குத் தனி நிரல் அமைத்தல். இரண்டாம் வழி வரலாற்றைக் காக்கிறது. எனினும் நிரையில் இடப்படும் தொடக்க நாள் மெய்க்காலமா பதிவுக்காலமா என்பது வரையறுக்கப்படாவிடின், முன்னர்ச் சுட்டிய குழப்பம் மீண்டும் எழுகிறது.

2011-ஆம் ஆண்டின் தரநிலை

2011 டிசம்பரில் வெளிவந்த எஸ்.கியூ.எல். தரநிலை ஓர் இடைவழியைத் தேர்ந்தது. காலப்பகுதி தனித் தரவு வகையாகவும் ஆகவில்லை. மறைவான குறிப்பாகவும் ஆகவில்லை. வெளிப்படையான இரு நிரல்கள் தொடக்கத்தையும் முடிவையும் தாங்க, அவ்விணைக்கு ஒரு பெயர் சூட்டப்படுகிறது. தொடக்க நாள் காலப்பகுதியில் அடங்கும்; முடிவு நாள் அடங்காது. மெய்க்காலத்தைப் பயனர் இடுகிறார். பதிவுக்காலத்தை அமைப்பே இடுகிறது, பயனர் அதை மாற்ற இயலாது. பதிவுக்காலத்திற்குச் சான்று மதிப்பைத் தருவது இவ்விலக்கே. காலம் ஒன்றன்மேல் ஒன்று படிவதைத் தடுக்கும் திறவுகோல் விதியும் இடம்பெற்றது. அடுத்தடுத்த காலப்பகுதிகளை ஒன்றிணைப்பது போன்ற டி.எஸ்.கியூ.எல்.2 வசதிகள் இடம்பெறவில்லை.

ஐ.பி.எம்.மின் டி.பி.2 2010-இலேயே இத்தகைய அட்டவணைகளை வழங்கியிருந்தது. மைக்ரோசாஃப்ட் எஸ்.கியூ.எல். சர்வர் 2016-இலும், மரியாடிபி 2018-இலும் பதிவுக்கால வசதியை ஏற்றன. போஸ்ட்கிரெஸ்கியூஎல் 2012-இல் இடைவெளித் தரவு வகைகளையும், 2025-இல் 18-ஆம் பதிப்பின்வழிக் காலத் திறவுகோல்களையும் சேர்த்தது.

எஞ்சும் சிக்கல்கள்

தரநிலை வந்தபின்னும் இரு சிக்கல்கள் நீடிக்கின்றன. முதலாவது, இடமாற்றம். ஒரு தரவுத்தளத்தின் நடப்பு நிலையை மட்டும் புதிய அமைப்புக்குக் கொண்டுசென்றால், எல்லா நிரைகளின் பதிவுக்காலமும் இடமாற்ற நாளிலிருந்து தொடங்குகிறது. முந்தைய திருத்தங்களின் வரலாறு அறுபடுகிறது. இரண்டாவது, அழிக்கும் உரிமை. 2018 முதல் நடைமுறையிலுள்ள ஐரோப்பிய ஒன்றியத்தின் பொதுத் தரவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறையும், இந்தியாவின் 2023-ஆம் ஆண்டு எண்மத் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும், வரையறைகளுக்கு உட்பட்டுத் தம் தரவை அழிக்கக் கோரும் உரிமையைத் தனிமனிதர்க்கு அளிக்கின்றன. எதையும் அழியாமல் காக்கும் அமைப்பு இவ்வுரிமையோடு முரண்படக்கூடும். எனவே, தனிமனிதர் தரவையும் ஆய்வுத் தரவையும் தொடக்கத்திலேயே பிரித்து வடிவமைப்பது தேவையாகிறது.

முடிவுரை

காட் 1970-இல் காட்டிய ஊதிய வரலாற்று அட்டவணைக்கும் 2011-ஆம் ஆண்டின் தரநிலைக்கும் இடையே நாற்பத்தோராண்டுகள் கடந்தன. இத்தாமதத்திற்குச் சேமிப்புச் செலவு ஒரு காரணம்; காலத்தை எங்கே வைப்பது என்னும் கருத்து வேறுபாடு மற்றொரு காரணம். முன்னது பெரிதும் நீங்கியது. பின்னது இணக்கத்தால் தணிந்தது. இன்று எஞ்சுவது வடிவமைப்போரின் தெரிவே. தமிழாய்வுத் தரவுத்தளம் ஒன்றை உருவாக்குவோர் மெய்க்காலம், பதிவுக்காலம் இரண்டையும் தனித்தனி நிரல்களில் காப்பதோடு, நிகழ்ந்தது மாற்றமா திருத்தமா என்பதையும் குறித்துவைக்க வேண்டும். அத்தரவை மேற்கோள் காட்டுவோர் எந்நாளின் நிலையைப் பயன்படுத்தினர் என்பதையும் சுட்டினால்தான் பின்வரும் ஆய்வாளர் அதே தரவைச் சென்றடைய இயலும்.