பகுதிநேரப் படைவீரனின் நேரமும் கூலியும்: பிரித்தானியத் தொண்டர் படை பற்றிய ஒரு வரலாற்றுக் குறிப்பு

படைகளின் வரலாறு பெரும்பாலும் போர்க்களங்களின் வரலாறாகவே எழுதப்பட்டு வந்துள்ளது. பயிற்சிக்கான நேரம் எங்கிருந்து வருகிறது, அதன் செலவை யார் ஏற்கின்றனர் என்னும் வினாக்கள் வெறும் நிருவாக விடயங்களென ஒதுக்கப்பட்டன. ஆயின், உழைப்பாளியின் நேரமே மூலதனத்துக்கும் உழைப்புக்குமிடையிலான போராட்டத்தின் மையம் என நாம் கொள்வோமாயின், வேறு தொழில் புரிந்தவாறே படைப்பயிற்சி பெறுவோரின் வரலாறு தனிக் கவனத்துக்குரியதாகிறது.

பிரித்தானியாவில் அது ஓய்வும் வசதியும் உடையோரின் படையாகவே முதலில் அமைந்தது. 1819 ஆகஸ்ட் 16 இல், மன்செஸ்ரர் நகரில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கோரித் திரண்ட மக்கள்மீது முதலில் பாய்ந்தது, ஆலை முதலாளிகளும் வணிகரும் அங்கம் வகித்த பகுதிநேரக் குதிரைப்படையே. 15 பேருக்குக் குறையாதோர் உயிரிழந்தனர். 1859 இல் தொண்டர் படைகள் மீண்டும் எழுந்தபோது, ஆயுதச் செலவையும் சீருடைச் செலவையும் உறுப்பினரே ஏற்க வேண்டியிருந்தது. கைவினைஞரும் தொழிலாளரும் பெருமளவிற் சேரத் தொடங்கியதும் அவ்வேற்பாடு நிலைக்கவில்லை. பயிற்சியை நிறைவு செய்தோரின் தொகைக்கேற்ப அரசு மானியம் வழங்கலாயிற்று. ஆனால் அம்மானியம் படைப்பிரிவையே சேர்ந்தது.

ஹால்டேன் கொணர்ந்த 1907 ஆம் ஆண்டுச் சட்டத்தின் வழி, 1908 ஏப்ரில் 1 இல் பிராந்தியப் படை உருவாயிற்று. ஆண்டுக்கு 15 நாள் முகாம் அதன் அடிப்படை. முகாம் நாட்களுக்குப் படைச் சம்பளம் உண்டு. எனினும் முதலாளி விடுப்பு அளிக்காவிடின் அதனாற் பயனில்லை. பலர் 8 நாட்களே தங்கித் திரும்பினர். சம்பளத்துடன்கூடிய விடுமுறை பற்றிய சட்டம் 1938 இலேயே வந்தது என்பது இங்கு மனங்கொள்ளத்தக்கது.

இலங்கையில் 1900 முதல் 1949 வரை நிலவிய தோட்டத்துரைமார் துப்பாக்கிப் படை ஐரோப்பியருக்கே உரியதாயிருந்தது. அங்கு வர்க்கத்தோடு நிறமும் சேர்ந்து வேலியிட்டது.

2009 ஒக்ரோபரில் இவ்வினா மீண்டும் எழுந்தது. 20 மில்லியன் பவுணை மிச்சப்படுத்தும் பொருட்டு, ஆப்கானிஸ்தான் செல்லவிருந்தோர் நீங்கலாக ஏனையோரின் பயிற்சியை ஆறு மாதங்கள் நிறுத்த அரசு முனைந்தது. ஓராண்டின் முன்னர், 2008 ஒக்ரோபரில், மூன்று வங்கிகளைக் காக்க 37 பில்லியன் பவுணை ஒதுக்கியதும் அதே அரசே. எதிர்ப்பு வலுத்ததும் அம்மாத இறுதியிலேயே முடிவு கைவிடப்பட்டது. பின்னர், 2013 ஆம் ஆண்டு வெள்ளை அறிக்கை, பணிக்கு அழைக்கப்படும் ஒவ்வொருவருக்காகவும் சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கு மாதம் 500 பவுண் வழங்க முன்வந்தது. ஊழியரின் நேரத்துக்கு உரிமையாளர் முதலாளியே என்பதை அரசு இதன்மூலம் ஒப்புக்கொண்டது எனலாம்.

இப்படையினர் ஏகாதிபத்தியப் போர்களில் ஈடுபடுத்தப்பட்டவர்கள் என்பதை நாம் மறப்பதற்கில்லை. ஆயினும் அவர்களுட் பெரும்பாலோர் கூலிக்கு உழைப்போர். தொண்டு என்ற சொல், அவர்தம் உழைப்பு நேரத்தின் விலையை நெடுங்காலம் மறைத்து வந்தது. போதிய பயிற்சியின்றி ஒருவன் போர்முனைக்கு அனுப்பப்படும்போது, மிச்சப்படுத்திய பணத்துக்கு ஈடாக அவனது உயிரே பணயமாகிறது. படை வரலாற்றை ஆராய்வோர் வரவுசெலவுத் திட்டங்களையும் வாசித்தாக வேண்டும் என நாம் வலியுறுத்துவது இதனாலேயே.